சக்கரம் வைத்த லிஃப்டர்கள்

"சக்கரம்னா உருளும். உருள்றது ஒருநாள் கழண்டு—"

"தேயறது மட்டும் தேவலையா? போன வருஷம் தேய்ஞ்சு தேய்ஞ்சு—"

"நான் சொல்லி முடிச்சுக்கறேன் அண்ணி!"

"நீ என்னிக்கு முடிச்சிருக்க, இன்னிக்கு முடிக்க? நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு ஆரம்பிச்ச பேச்சே இன்னும் ஓடிட்டிருக்கு!"

"அந்தச் சக்கரத்துக்குள்ள ஊசி ஊசியா பேரிங் இருக்கு. ஒரே ஒரு ஊசி உடைஞ்சு எண்ணெய்ல கலந்துச்சுன்னா—"

"உடைஞ்சா பாத்துக்கலாம்! உடையாமலே என்னை நடுரோட்டுல நிக்க வச்சது உன் தட்டை லிஃப்டர்!"

இருவருக்கும் நடுவில், இரும்பு ஸ்டாண்டின் மேல் ஓர் எட்டு சிலிண்டர் இன்ஜின் மேல்மூடி இல்லாமல் திறந்து கிடந்தது. பேசத்தான் வந்தது, ஆனால் யாரும் இடம் கொடுக்கவில்லை என்பது போல் இருந்தது அதன் நிலை. அதன் பக்கத்தில் நின்ற அண்ணனின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

குட்டிக்கு வயது நாற்பத்தெட்டு. சிலிண்டர் ஹெட்டைத் தனியாளாகத் தூக்கி மேஜை மேல் வைக்கும் தோள். இருந்தாலும் வீட்டுக்குக் கடைசிப் பெண் என்பதால் இன்றுவரை குட்டிதான். அந்த ஒர்க்‌ஷாப்பில் பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டுவது அவள் வேலை. அண்ணி, அதாவது அண்ணனின் மனைவி, அந்தக் கார்களில் ஒன்றை ஓட்டுகிறவள். மற்ற நாட்களில் பள்ளிக்கூட பஸ் டிரைவர். பஸ்ஸை அவள் ஓட்டுகிற நிதானத்தைப் பார்த்துப் பிள்ளைகள், இறங்கி நடந்தால் முன்னாலேயே வீட்டுக்குப் போய்விடலாம் என்று அலுத்துக்கொள்வார்கள். அதே அண்ணி பழைய விமான ஓடுதளத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் போகிற போக்கைப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் மறுநாள் பஸ் ஏறவே மாட்டார்கள்.

சண்டைக்குக் காரணம் மேஜை மேல் எண்ணெய்த் தாளில் வரிசையாகப் படுத்திருந்தது. பதினாறு ரோலர் லிஃப்டர்கள். பளபளவென்று, கட்டை விரல் கனத்தில்.

இன்ஜினுக்குள்ளே கேம் என்று ஒரு தண்டு சுற்றுகிறது. அதன் மேல் மேடு மேடாக இருக்கும். ஒவ்வொரு மேட்டின் மேலும் ஒரு லிஃப்டர் உட்கார்ந்திருக்கும். மேடு வந்தால் லிஃப்டர் எழும்பி, புஷ்ராடு என்கிற குச்சியைத் தள்ளும். அது ராக்கர் என்கிற சின்ன நெம்புகோலை ஆட்டும். வால்வு திறக்கும். குட்டி இத்தனை காலமும் வைத்துக் கட்டியது அடி தட்டையான லிஃப்டர். அது மேட்டின் மேல் உரசிக்கொண்டே போகும். போன வருஷம் பந்தயப் பாதையின் பாதியில், எதிராக ஓட்டிய பல் டாக்டரின் காரோடு சமமாகப் போய்க்கொண்டிருந்தபோது, உரசி உரசி ஒரு மேடு மொட்டையாகிவிட்டது. அண்ணியின் கார் இருமிக்கொண்டு ஓரம் ஒதுங்கியது. பல் டாக்டர் கடந்து போகும்போது, ஒரு பல்கூட விடாமல் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு அண்ணியின் கண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது.

ரோலர் லிஃப்டருக்கு அடியில் சின்னச் சக்கரம் உண்டு. உரசாது, உருளும். அண்ணி குட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய், அதற்கேற்ற புதுக் கேமோடு வாங்கி வந்துவிட்டாள். வாங்கியது கூடப் பெரிதில்லை. கேட்காமல் வாங்கியதுதான்.

"கடைசியா ஒண்ணு சொல்றேன்," என்றாள் அண்ணி, பஸ் சாவியை எடுத்துக்கொண்டே. "சனிக்கிழமை பந்தயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓடுதளத்துக் கேட்டை மூடறதுக்குள்ள வண்டி தானா ஓடி வந்து சோதனைக்கு நிக்கணும். நிக்கலைன்னா இன்ஜின் எதிர்க்கடைக்குப் போகும். இந்த வருஷம் மட்டும் இல்ல. இனிமே எப்பவும்."

"அண்ணி!"

"ஏங்க, உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க."

அண்ணி கோபத்தில் குட்டி என்று கூப்பிட்டால் அது சாதாரணக் கோபம். 'உங்க தங்கச்சி' என்றால் அது வேறு. மேலும், எதிர்க்கடை. அங்கே ஒருவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு இன்ஜின் கட்டுவார். வெள்ளை! தினமும் நாலு மணிக்கு டீ கிளாஸோடு வாசலில் நின்று, குட்டியின் எண்ணெய்க் கைகளைப் பரிதாபமாகப் பார்ப்பார். அண்ணியின் இன்ஜின் தெருவைக் கடந்து அந்த வாசலுக்குப் போவதைவிட, குட்டி தானே அதைத் தலையில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கத் தயார்.

ஆகவே சக்கரத்தைப் பொருத்தச் சம்மதித்தாள். பேசச் சம்மதிக்கவில்லை.

இந்த வீட்டில் நாத்தனாரும் அண்ணியும் பேசவில்லை என்றால் மௌனம் என்று அர்த்தமில்லை. அண்ணன் வழியாகப் பேசுவார்கள் என்று அர்த்தம். ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு. அண்ணனுக்குக் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவர். வீட்டில் மட்டும் எதையும் பார்க்காதவர் போல் இருப்பதே அவருடைய பிழைப்பு.

புஷ்ராடு நீளம் அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் இன்ஜினைக் கையால் சுற்ற வேண்டும், ஒருத்தர் பார்க்க வேண்டும். ரோலர் லிஃப்டர் தட்டையை விட உயரம் என்பதால் பழைய குச்சிகள் ஆகாது.

"அண்ணா, அவங்களைச் சுத்தச் சொல்லு."

"சுத்தணுமாம்."

"எந்தப் பக்கம்னு கேளுங்க."

"எந்தப் பக்கம்னு—"

"கடிகாரம் சுத்துற பக்கம்னு சொல்லு."

"கடிகாரம்—"

"அந்தக் கடிகாரத்தை முன்னால நின்னு பாக்கறதா, பின்னால நின்னு பாக்கறதான்னு கேளுங்க. உங்க தங்கச்சி எப்பவும் பின்னாலேந்துதான் பாப்பாங்க."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற நேரமாவது யாரும் எதுவும் சொல்லச் சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு.

இப்படியே கேம் உள்ளே போனது. லிஃப்டர்கள் இரண்டிரண்டாகப் பட்டையால் கோத்தபடி குழிகளில் இறங்கின. சக்கரம் திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்ளத்தான் அந்தப் பட்டை. குட்டி ஒவ்வொன்றையும் எண்ணெயில் குளிப்பாட்டி இறக்கினாள். பிடிக்காத மருமகனுக்குச் செய்கிற உபசாரம் போல, குறை சொல்ல முடியாதபடி.

கடைசி வேலை ராக்கர் நட்டு முறுக்குவது. புஷ்ராடை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். உருளுவது லேசாகத் தடைப்பட்டால் அது பூஜ்யம். லிஃப்டருக்குள்ளே எண்ணெயும் ஸ்பிரிங்குமாக ஒரு மெத்தை இருக்கிறது. பூஜ்யத்துக்கு மேல் கொஞ்சம் முறுக்கினால்தான் அந்த மெத்தை சரியாக அமுங்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் குடும்பப் பிரச்சினை ஆயிற்று.

"கால் சுத்து வச்சாச்சுன்னு சொல்லு அண்ணா."

"கால் சுத்தாம்."

"வித்த ஆள் முக்கால் சொன்னான். இன்னும் அரைச் சுத்து வைக்கச் சொல்லுங்க."

"இன்னும் அரை—"

"வித்தவன் வித்துட்டுப் போயிட்டான். கட்டறது நான். கால்தான். முடியாதுன்னு சொல்லிடு."

அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்தார். "கால்தானாம்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லதற்கில்லை என்று குட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை குட்டி ஒர்க்‌ஷாப்பைச் சீக்கிரம் திறந்தாள். எண்ணெய்ப் பம்பை டிரில் வைத்துச் சுற்றி, இன்ஜினைக் கையால் திருப்பிப் பார்த்தாள். ராக்கர்கள் சளசளத்தன. கால் சுற்று போதவில்லை. தட்டை லிஃப்டர் கட்டிக் கட்டிப் பழகிய கை, பயந்து கொஞ்சமாக வைத்துவிட்டது. முக்கால்தான் சரி.

அண்ணி சொன்னது சரி.

குட்டி சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருமில்லை. ஸ்பானரை எடுத்துப் பதினாறு நட்டுக்கும் அரை அரைச் சுற்று முறுக்கினாள். ராக்கர்கள் அடங்கின. யாரிடமும் சொல்லவில்லை. ஓடினால் கால் சுற்றில் ஓடியதாகவே இருக்கட்டும். கட்டியவள் சொன்ன அளவில் ஓடியதாகவே இருக்கட்டும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

வெள்ளிக்கிழமை பிற்பகல், காருக்குள் இறங்கிய இன்ஜினுக்குக் கடைசிக் குழாயையும் மாட்டிவிட்டு, குட்டி கையைத் துடைத்தாள். அண்ணி பஸ்ஸை விட்டுவிட்டு நேராக வந்து ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள். அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். எதிர்வாசலில் டீ கிளாஸ்.

"அடிக்கச் சொல்லு அண்ணா."

"அடிக்கலாமாம்."

அண்ணி செல்ஃப் அடித்தாள்.

இன்ஜின் சுற்றியது. அவ்வளவுதான் செய்தது. சொய்ங்ங் என்று மேஜை ஃபேன் போலச் சுற்றியது. ஒரு முக்கல் இல்லை, முனகல் இல்லை, எந்த சிலிண்டரும் எதையும் அமுக்குகிறதாகத் தெரியவில்லை. குட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே அடையாளம் கண்டுகொண்டாள். கனமே இல்லாத சுற்றல். எல்லா வால்வும் வாய் மூடாமல் கிடந்தால் மட்டுமே வருகிற சத்தம்.

"இன்னொரு தரம்."

சொய்ங்ங்.

"நல்லா காத்து வருதே," என்று ஒரு குரல். கையுறைக்காரர் தெருவைத் தாண்டி வந்திருந்தார். டீ கிளாஸை மறக்காமல் கொண்டுவந்திருந்தார். "கம்ப்ரஷன் இல்லை போலிருக்கே. அண்ணியம்மா, நேரம் இருக்கு. இப்பவே தள்ளிக்கிட்டு நம்ம கடைக்கு வந்துட்டா, கேட்டு மூடறதுக்குள்ள நான் பாத்துக் குடுத்துடுவேன்."

அண்ணி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, குட்டியைப் பார்க்காமல், கண்ணாடி வழியே நேரே பார்த்தாள். "ஏங்க. உங்க தங்கச்சிகிட்ட கேளுங்க. தள்ளறதா, வேண்டாமா?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் குட்டி ஒரு பக்க வால்வு மூடியைக் கழற்றிக் கீழே வைத்திருந்தாள். முதல் நட்டில் ஸ்பானரை மாட்டினாள். பூஜ்யம் வரும்வரை தளர்த்தினால் எத்தனை என்று தெரிந்துவிடும். முக்கால் வர வேண்டும்.

"கால்," என்றாள். "அரை. முக்கால்."

புஷ்ராடு இன்னும் கல் போல இறுகியிருந்தது.

"ஒண்ணு... ஒண்ணேகால்..." அவள் குரல் மெலிந்தது. "ஒண்ணரை."

விரலுக்கு நடுவில் குச்சி அப்போதும் உருளவில்லை.

"ஒண்ணேமுக்கால்."

உருண்டது. பக்கத்து நட்டு. அதுவும் ஒண்ணேமுக்கால். அதற்கடுத்ததும். லிஃப்டருக்குள் இருந்த மெத்தை அடிவரை நசுங்கி, வால்வுகளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. குட்டிக்கு ஒரு நிமிஷம் தன் புத்தி மேலேயே சந்தேகம் வந்தது. தூக்கத்தில் எழுந்து வந்து முறுக்கினேனா?

கையுறைக்காரர் எட்டிப் பார்த்தார். "அடடா. ஒண்ணேமுக்காலா? எந்தக் கோபத்தை இதுல காட்டினீங்க? பழைய கை, புது சாமான். அளவு பிடிபடல போலிருக்கு. கட்டின ஆளைக் குத்தம் சொல்லக் கூடாது, ஆனா—"

"நான்தான் முறுக்கினேன்," என்றாள் அண்ணி.

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணி காரை விட்டு இறங்கி நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"நேத்து மத்தியானம். இவ கேஸ்கெட் வாங்கப் போயிருந்தா. முடியாதுன்னுட்டாளேன்னு எனக்குப் பொறுக்கல. வந்து ஒவ்வொண்ணுக்கும் அரைச் சுத்து வச்சேன். போதுமா?"

"அப்படின்னாலும்..." என்று கையுறைக்காரர் ஆரம்பித்தார்.

"நானும்," என்றார் அண்ணன்.

இப்போது அண்ணியே வாயைப் பிளந்தாள். "நீங்களா? நீங்க எதுக்கு?"

"நேத்து சாயங்காலம். நீ வேற ஒண்ணுமே சொல்லாம இருந்தியா, எனக்குப் பயமா இருந்துச்சு. மறுபடி குட்டிகிட்ட போய்க் கேட்டா அவ ஸ்பானரை எறிவா. முடியாதாம்னு உன்கிட்ட வந்து சொன்னா நீ என்னையே தூக்கி எறிவ. எதுக்கு வம்புன்னு நானே அரைச் சுத்து வச்சுட்டேன். அவளுக்குத் தெரியாது, உனக்கும் நிம்மதி. கண்ணாடிக்கு ஆணி முறுக்கற கைதானே... எல்லாத்துக்கும் ஒரே அளவா வச்சிருக்கேன் பாரு," என்று கொஞ்சம் பெருமையோடு முடித்தார்.

குட்டியும் வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தாள். நானும்தான். விடிகாலையில். நீங்க சொன்னதுதான் சரி அண்ணி.

"ஆக, கட்டினவங்க மேல தப்பே இல்லைங்கறீங்க?" என்றார் கையுறைக்காரர், நம்பாமல்.

"இல்ல," என்றாள் அண்ணி, இடுப்பில் கை வைத்து. "அவ கால் சுத்து வச்சா. கால்னா கால். முறைச்சாலும் கத்தினாலும் சொன்ன அளவை விட்டு நகர மாட்டா. அதனாலதான் அவ கட்டின வண்டியில கண்ணை மூடிக்கிட்டு நான் போறேன். நாங்க ரெண்டு பேரும் முதுகுக்குப் பின்னால புகுந்து கெடுத்து வச்சிருக்கோம். உங்க டீ ஆறிடுச்சு பாருங்க."

குட்டி வாயை மூடிக்கொண்டாள்.

கையுறைக்காரர் டீயைப் பார்த்தார். உண்மையிலேயே ஆறிப்போயிருந்தது. அவர் தெருவைத் தாண்டிப் போகும்வரை மூன்று பேரும் அசையவில்லை. தாண்டியதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஸ்பானருக்குக் கை நீட்டினார்கள்.

"நீ தொடாத அண்ணா. தயவுசெய்து எதையும் தொடாத. அந்த மூடியைக் கழட்டறதோட நிறுத்திக்க." குட்டி பானெட்டுக்கு மேலாக அண்ணியைப் பார்த்தாள். "நீங்க கிராங்கைச் சுத்துங்க. ஒண்ணொண்ணா பூஜ்யத்துக்கு வந்து திரும்ப வைக்கணும். எவ்வளவு வைக்கட்டும் அண்ணி?"

"எவ்வளவு வைக்கணும்னு கேக்க—" என்று அண்ணன் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க!"

"நீ சும்மா இரு!"

இரண்டும் ஒன்றாகவே வந்தன. அண்ணன் முகத்தில் நாலு நாளாகக் காணாத மலர்ச்சி. போய் ஒரு டயர் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நீதானே கட்டறவ," என்றாள் அண்ணி. "நீ சொல்றதுதான். கால்னா கால்."

குட்டி முதல் நட்டைக் கால் சுற்று முறுக்கினாள். ஸ்பானர் அங்கேயே நின்றது. பிறகு கனைத்துவிட்டு, "வித்தவனும் எதையாவது தெரிஞ்சுதானே சொல்லியிருப்பான்," என்று நட்டிடம் சொல்லி, இன்னும் அரைச் சுற்று முறுக்கினாள்.

அண்ணி கிராங்கைச் சுற்றினாள். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

கடைசி நட்டு முடிந்து, மூடிகளை மாட்டி, அண்ணி செல்ஃப் அடித்தபோது இன்ஜின் முதலில் ஒருமுறை முக்கியது. இரண்டாவது முக்கலில் பற்றிக்கொண்டது. ஒர்க்‌ஷாப் கதவுத் தகரம் அதிர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்கள் கிணிகிணுத்தன. குட்டி பானெட்டுக்குள் தலையை விட்டுக் காது கொடுத்தாள். சளசளப்பு இல்லை, தட்டல் இல்லை. அடியில் பதினாறு சின்னச் சக்கரங்கள் உருண்டுகொண்டிருந்ததை அவளால் வெறுக்க முடியவில்லை. முயற்சி செய்து பார்த்தாள்.

"இருவது நிமிஷம் ஆக்சிலேட்டரை மிதிச்சு வச்சுப் பழக்கணும் அண்ணி! அப்பதான் லிஃப்டர் மேட்டோட—"

"உரசறதுக்குத்தானே பழக்கம்? உருள்றதுக்கு எதுக்கு?" என்று அண்ணி சத்தத்துக்கு மேல் கத்தினாள். "பழக்கிட்டு நின்னா கேட்டை மூடிடுவான். ஏறு!"

அதுவும் சரிதான். குட்டி ஏறிக்கொண்டாள். இரண்டே நாளில் இரண்டு முறை அண்ணி சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நல்லவேளை, இரண்டையும் மனதுக்குள்ளேயே ஒப்புக்கொண்டாயிற்று.

அண்ணன் பின்னால் தன் சின்னக் காரில் வந்தார். பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது நாலு பிள்ளைகள் பஸ் டிரைவரை அடையாளம் கண்டு வாய் பிளந்து நின்றார்கள். ஓடுதளத்துக் காவலாளி கேட்டின் ஒரு பாதியைச் சாத்திவிட்டு மறு பாதியில் கை வைத்திருந்தார். அண்ணி அந்தப் பாதி வழியாகவே உள்ளே நுழைத்தாள்.

சோதனைக்கு ஏழெட்டுக் கார்கள் வரிசையில் நின்றன. இவர்களுடையது கடைசி. பல் டாக்டர் தன் காரிலிருந்து இறங்கி வந்து, ஜன்னலில் குனிந்து சிரித்தார்.

"வந்துட்டீங்களா! இந்தத் தடவை ஏதோ சக்கரம் எல்லாம் வச்சுக் கட்டியிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"நாளைக்குப் பின்னாலேந்து பாருங்க டாக்டர், நல்லா தெரியும்," என்றாள் அண்ணி. "இவதான் கட்டினா. என் நாத்தனார். வேற யாரையும் கிட்டவே விடறதில்ல."

டாக்டரின் வாய் கொஞ்சம் மூடியது. போய்விட்டார்.

குட்டிக்கு உள்ளுக்குள் இனித்தது. இனித்த இடத்திலேயே ஏதோ குத்தவும் செய்தது. சொல்லிவிட்டால் போயிற்று. ஆனால் இவ்வளவு நேரம் கழித்து எப்படி ஆரம்பிப்பது? ஜன்னல் பக்கம் திரும்பி, காவலாளி மறு பாதிக் கேட்டை இழுத்துச் சாத்துவதை மிகுந்த அக்கறையோடு பார்த்தாள்.

இன்ஜின் சீராக முணுமுணுத்தது. முன்னால் ஒரு கார் நகர்ந்தது. அண்ணி அரை அடி நகர்த்தி நிறுத்தினாள், பஸ் ஓட்டுகிற அதே நிதானத்தில். பிறகு ஸ்டியரிங் மேல் ஒரு விரலால் மெல்லத் தட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் உதடு எதையோ எண்ணியது. எண்ணி முடித்து, முதலிலிருந்து இன்னொரு தரம் எண்ணியது.

"குட்டி," என்றாள் அண்ணி. "உன் கால் ஒண்ணு, என் அரை ஒண்ணு, உங்கண்ணன் அரை ஒண்ணு. ஒண்ணேகால்தானே வருது? மிச்ச அரை யாருது?"